ஒட்டுப்பட்டை வைத்த சட்டைகள்

கடையில் அவளுக்கு ஊசி என்று பெயர். தைக்கிறவள் என்பதால் பாதி, வாயால் குத்துகிறவள் என்பதால் மீதி. புதுத்துணி தைக்கிற கடையல்ல அது. தொப்பை போட்டவனின் பேன்ட்டைப் பிரித்து விடுவதும், இளைத்தவனின் சட்டையைப் பிடித்துத் தைப்பதும், போன ஜிப்பை மாற்றுவதும்தான் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது முதுகு, தோள், தலை எல்லாம் நூல் பிசிறாக இருக்கும். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர், கதவைத் திறந்ததும் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்.

"கடையில பாதிய முதுகுலயே தூக்கிட்டு வந்துட்ட" என்பார்.

அதெல்லாம் அவருக்குப் பக்கவாதம் வருவதற்கு முன்பு.

வந்த பிறகு கால் தட்டுத்தடுமாறித் தேறியது. பேச்சு திரும்பியது, தேவைக்கு அதிகமாகவே. வலது கை மட்டும் பக்கத்து வீட்டுக்காரன் கை மாதிரி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

காலையில் அவரைக் குளிப்பாட்டித் துடைத்து, சட்டை மாட்டி, ஊட்டி, மாத்திரை கொடுத்து, மத்தியானத்துக்கு மூடி வைத்துவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். இதில் உயிரை எடுப்பது சட்டைப் பட்டன்தான். அவர் ஒரு பக்கம் சாய்வார், இவள் ஒரு பக்கம் இழுப்பாள், கழுத்துப் பட்டன் போடுவதற்குள் பஸ் போயிருக்கும்.

ஒரு விடுமுறை நாளில் மிஷினைத் திறந்து உட்கார்ந்தாள். காஜா ஓட்டைகளை எல்லாம் தைத்து அடைத்தாள். பட்டன்களை அவற்றின் மேலேயே சும்மா பார்வைக்கு வைத்துத் தைத்தாள். உள்ளே, பர்ரென்று பிரிகிற ஒட்டுப்பட்டை. மூடி ஒரு தட்டு தட்டினால் போதும். அவரிடம் இருந்த சட்டை அத்தனையும் அப்படி ஆயிற்று. கடையில் கட்டிங் மாஸ்டர் ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஊசி, இதுக்குத் தனியா போர்டே மாட்டலாம்" என்றார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. எல்லாவற்றையும்விட, காலையில் டீயை உட்கார்ந்து குடிக்க முடிந்தது. அவள் உட்கார்ந்து டீ குடித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் சட்டையைக் கழற்றச் சொன்னாள். அவர் இடது கையால் ஒரே இழுப்பு. பர்ர்ர். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"யாருய்யா இப்படித் தைச்சுக் குடுத்தது?"

"எங்க வீட்டம்மா" என்றார், தானே தைத்த மாதிரி.

பிறகு அவருடைய வலது கை விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"அம்மா, போன தடவை இந்தக் கட்டைவிரல் மடங்குச்சு. இப்ப இறுக ஆரம்பிச்சிருக்கு."

"நீ சொன்ன பந்தை அமுக்கத்தான் சொல்றேன்."

"பந்தை எப்பவாவது அமுக்குவாரு. சட்டை தினமும் போடணும்ல? பட்டனை அவரே போட்டுப் பழகணும். அதையும் பிடுங்கிட்டா அந்தக் கைக்கு என்ன வேலை இருக்கு? இப்படியே விட்டா மூடினது மூடினபடி நின்னுரும். அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது."

"நீ அரை மணி நேரம் பிடிச்சுவிட்டுட்டுப் போயிடுவ. மிச்சத்தை யாரு பார்க்கிறது, உங்க ஆஸ்பத்திரியா?"

"நான் உங்களைத் திட்டலம்மா."

அந்தப் பெண் திட்டியிருந்தால் தேவலை. பதிலுக்குக் குத்திவிட்டுப் போயிருக்கலாம். பஸ்ஸில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவருக்காகத் தைத்தேன் என்றுதான் கடையில் சொல்லியிருந்தாள். அந்த டீக்காகத் தைத்தது அவளுக்குத் தெரியாதா என்ன?

வீட்டுக்கு வந்ததும் தையல் பிரிக்கிற கத்தியை எடுத்தாள்.

"நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்குப் பிரிக்கிற?"

"நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு."

ஒட்டுப்பட்டையை உரித்து, காஜாவைத் திறந்து பெரிதாக்கி, கோட்டுக்கு வைக்கிற பெரிய பட்டன்களை வைத்தாள். அவர் பார்த்தார்.

"இதைப் போட்டா கோமாளி மாதிரி இருப்பேன்."

"இப்ப மட்டும் மாப்பிள்ளை மாதிரியா இருக்கீங்க? போடுங்க."

அடுத்த நாளிலிருந்து காலை வேளை நரகமாயிற்று. பட்டன் வழுக்கும், விரல் நடுங்கும், அவர் யாரையென்று இல்லாமல் வைவார். அவளுக்குக் கை நமநமக்கும். அத்தனை பட்டனையும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடக்கூடிய கை. இரண்டு கைகளையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு நிற்பாள். பஸ் போய்விடும். ஒருநாள் அவர் சட்டையை விட்டெறிந்தார். அவள் பொறுக்கி அவர் மடியில் போட்டுவிட்டுப் படி இறங்கினாள்.

"என்ன ஊசி, துருப்பிடிச்சுருச்சா? தினம் லேட்டு" என்றார் மாஸ்டர்.

"துரு இல்ல மாஸ்டர். நூல் கோர்க்க நேரமாகுது."

மழை வந்து போயிற்று. வெயிலும் வந்தது. பட்டன் ஏறவில்லை. டீ மறுபடியும் நின்றபடிதான், அதுவும் ஆறி. ஒட்டுப்பட்டைச் சுருளை அவள் தூக்கிப் போடவில்லை, மிஷின் டப்பாவிலேயே கிடந்தது. சில ராத்திரி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடுவாள்.

ஒரு சாயங்காலம் கால் வீங்கிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் நாற்காலியில் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு பட்டன் போட்டிருந்தது, அதுவும் அடுத்த ஓட்டையில். சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"மத்தியானம் பூரா இதுதான்" என்றார்.

சரிசெய்யக் கை போயிற்று. பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"மேல்மாடி கீழ்மாடி கணக்கா இருக்கு" என்றாள். "இருக்கட்டும்."

"திரும்பு."

"எதுக்கு?"

"திரும்புன்னா திரும்பு."

திரும்பினாள். தோளில் அவருடைய வலது கை விரல் பட்டது, நழுவியது, மறுபடி பட்டது. எரிச்சலாகத்தான் இருந்தது அவளுக்கு. அடுப்பு காத்திருந்தது, துணி ஊறிக்கொண்டிருந்தது. நழுவி நழுவி, கடைசியில் கட்டைவிரலும் பக்கத்து விரலும் சேர்ந்து ஒரு நூலைக் கிள்ளி எடுத்தன. நீல நூல். அதைக் கீழே போடவும் தெரியாமல் அந்த விரல்கள் பிடித்தபடியே நின்றன.

"இன்னும் நிறைய இருக்கு" என்றார்.

"இருக்கும். நாளைக்கும் கொண்டு வருவேன்."

தரையில், அவர் காலடியில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுப்பு கிடக்கட்டும்.