ஆல் பாஸ்

போடிக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகராட்சியில் நான் வார்டு உறுப்பினர். மக்கள் எங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறோம். மன்றத்தில் நாங்கள் போடும் தீர்மானத்தைத்தான் ஆணையர் நிறைவேற்றுவார்.

வைகாசியில் நடந்த ஒரு கூட்டத்தில் தீர்மானங்களை யாரும் வாசிக்கவில்லை. "வெரசா முடிங்கண்ணே, கல்யாணத்துக்குப் போகணும்" என்றார் ஓர் உறுப்பினர். "ஆல் பாஸ்!" என்று எல்லோரும் மேஜையைத் தட்டினோம். வழிமொழிந்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

ஐப்பசி மழையில் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் என் வார்டின் ஓடைக்கரையை அரித்தது. ஏலக்காய் தரம் பிரிக்கும் பேச்சியம்மாளின் வீடு இடிந்தது. உள்ளே படுத்திருந்த அவருடைய கணவர் இறந்துபோனார்.

பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு ஆணையரிடம் போனேன். "ஓடைக்குத் தடுப்புச்சுவர் ஏன் சார் கட்டல?" என்று சத்தம் போட்டேன். ஆணையர் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அந்தச் சுவர் வேலையைத் தள்ளிவைக்கும் தீர்மானம். கீழே என் கையெழுத்து.

"என்ன எழுதியிருக்கு?" என்று பேச்சியம்மாள் கேட்டார். மறைக்காமல் சொன்னேன்.

"எனக்குத்தான் படிக்கத் தெரியாது. ஒனக்குமா ஆத்தா?"

இப்போது கூட்டத்தில் ஒவ்வொரு தீர்மானத்தையும் உரக்க வாசிக்கிறேன். மற்றவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். கடைசியில் அவர்கள் மேஜையைத் தட்டும்போது, எனக்கு ஒரு சுவர் இடிந்து விழும் சத்தம் கேட்கிறது.