விரல் நீட்டச் சொன்னவள்

என் மூத்த மகள், பிழைப்புக்காக வெளியூர்களிலிருந்து வந்தவர்களுக்கு மாலை வேளையில் இந்த ஊர் மொழியைச் சொல்லிக்கொடுக்கிறாள். மொழி தெரிந்தால் மட்டும் போதாது, நாலு பேர் முன்னால் நின்று பேசவும் வர வேண்டும் என்பது அவள் கட்சி. அதற்கு அவள் பிடித்த வழி சினிமா. இணையத்தில் ஒரு காட்சியைத் தேடி எடுத்து, சத்தத்தை அணைத்துச் சுவரில் ஓட்டுவாள். "வாயைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க" என்பாள். பிறகு ஒவ்வொருவரும் அதே மாதிரி நின்று, நடந்து, தன் விஷயத்தைப் பேச வேண்டும். என்னையும் விடவில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்பதை வக்கீல் மாதிரி சொல்லச் சொன்னாள். சொன்னேன், உப்பு வரவில்லை.

வகுப்பில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர் ஒருவர், வாய் திறக்கவே கூசுகிறவர். அவருக்கு சூப்பர்வைசர் வேலை கிடைப்பதாக இருந்தது. ஆனால் அதிகாரிகள் முன்னால் நின்று பேசிக்காட்ட வேண்டும். மகள் அவருக்கு ஒரு கோர்ட் காட்சியைக் கொடுத்தாள். அதில் வக்கீல் ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்று, சட்டென்று திரும்பி விரலை நீட்டுவார். மனிதர் அச்சு அசலாகச் செய்தார்.

"பிரமாதம்! அங்கயும் இப்படியே செய்ங்க, ஒண்ணும் மாத்தாதீங்க" என்றாள். அவரும் மாற்றவில்லை.

அடுத்த வாரம் வகுப்பு தொடங்கும் முன், அங்கே படிக்கிற டாக்ஸிக்காரர் ஒருவர் போனை நீட்டினார். "டீச்சர், இதப் பாருங்க, வயிறு வலிக்கும்."

யாரோ பின்னாலிருந்து எடுத்துப் போட்ட வீடியோ. மீட்டிங் நடுவில் ஒரு ஆள் எழுந்து ஜன்னலுக்குப் போய் முதுகைக் காட்டி நிற்கிறார். அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்து விழிக்கிறார்கள். என் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த ஆள் திரும்பி, மேனேஜர் மூக்குக்கு நேரே விரலை நீட்டியபோதுதான் முகம் தெரிந்தது. தலையைத் தூக்கினால், வாசலில் அவரே நிற்கிறார். உள்ளே வராமல் திரும்பிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தவள் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"தெரியாமத்தாம்மா சிரிச்சேன்."

"சிரிச்சது தெரியாமன்னே வச்சுக்க. விரல நீட்டச் சொன்னது தெரிஞ்சுதானேடி?" பெற்ற மகள் என்பதற்காக நான் வேறு மாதிரி சொல்ல முடியுமா? "எங்கிட்ட அழுது என்ன ஆகப்போவுது? அந்த மனுஷன்கிட்டப் போய்ச் சொல்லு."

மறுநாள் அவர் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனோம். நான் கூடப் போகாவிட்டால் பாதி வழியில் திரும்பிவிடுவாள். லிஃப்ட் கதவைத் திறந்து வைத்து, கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்தார். ஊருக்கெல்லாம் கையாட்டக் கற்றுக்கொடுத்தவள், தன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பையின் வாரைத் திருகினாள்.

அவர்தான் முதலில் கேட்டார். "டீச்சர், திரும்புறதுக்கு முன்னாடி இன்னும் கொஞ்சம் நின்னிருக்கணுமோ? அதனாலதான் எல்லாரும் சிரிச்சாங்களா?"

"நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. நான் சொல்லிக்கொடுத்தது தப்பு. சிரிச்சது அதவிடத் தப்பு."

"வேலை என்னப்பா ஆச்சு?" என்றேன்.

"வேற ஆளுக்குப் போயிடுச்சும்மா."

"மேனேஜர்கிட்ட நான் பேசறேன்" என்றாள் மகள்.

"எந்தப் படத்தப் பாத்துப் பேசுவீங்க?"

கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா, எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. தலை குனிந்து மேனேஜர் அறைக்குப் படியேறினாள். இறங்கி வந்தபோதும் தலை நிமிரவில்லை. "வேலை போனது போனதுதானாம். வீடியோவ மட்டும், போட்டவங்ககிட்டச் சொல்லி எடுக்க வைக்கிறாராம்."

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி கிரீஸில் கை வைத்தார். வகுப்பில் அவர் நாற்காலியை இன்னும் யாரையும் நகர்த்த விடமாட்டேன் என்கிறாள். அவர் வரவில்லை.