நெரவி தராசில் ஐம்பத்தாறு கிலோ

காரைக்கால் பெத்தாங் அணிக்கு மூன்றாவது ஆளாக என்னை எடுத்தது என் கைத்திறமையைப் பார்த்துத்தான் என்று நான் நம்பினேன். சும்மா ஒருநாள் நம்பிக்கை இல்லை. பாஸ்போர்ட் எடுத்து, விசாவுக்கு விரல் ரேகை கொடுத்து, பாரிஸில் ரயில் ஏறி உட்காரும்வரை நம்பினேன்.

பெத்தாங் தெரியாதவர்களுக்காக: முதலில் ஒரு சின்ன மரக்குண்டை உருட்டிவிடுவார்கள். அதற்கு யார் நெருக்கமாகத் தங்கள் இரும்புக் குண்டைப் போடுகிறார்களோ அவர்களுக்குப் புள்ளி. முதலில் பதின்மூன்று எடுப்பவர் ஜெயிப்பார். பிரெஞ்சுக்காரர்கள் போகும்போது எங்களிடம் விட்டுப்போன ஆட்டம். பாண்டிச்சேரிக்காரர்கள் இதற்குத் தாங்கள் மட்டும் பட்டா வாங்கியிருப்பதுபோலப் பேசுவார்கள். அவர்களை அவர்கள் மண்ணிலேயே இரண்டு முறை தோற்கடித்திருக்கிறோம். இந்தக் கட்டுரைக்கு அந்தத் தகவல் தேவையில்லை. இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

பிரான்சின் தெற்கே, தூலூஸ் நகரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டரில் ஒரு சிற்றூர். அங்குள்ள பெத்தாங் சங்கம் எங்களை ஆட அழைத்தது. நாங்கள் எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சக்கர நாற்காலி காரைக்காலுக்கு அனுப்புவார்கள். மணலிலும் சந்திலும் போகக்கூடிய தடித்த டயர் வைத்த நாற்காலி. எங்கள் ஊரில் அப்படி ஒன்றுக்காகப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் பாஸ்கல். எங்கள் அணியின் மூன்றாவது ஆள் நெடுங்காலம் அவன்தான். போன வருஷம் சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். வீடு வீடாகப் போன் போட்டு யார் யாருக்கு நாற்காலி தேவை என்று விசாரித்தவன் அவன். தன் பெயரைக் கடைசியில் வைத்ததும் அவன்தான்.

"நமக்கு என்னாடா அவசரம், நான் எங்க ஓடிடப் போறேன்?" என்றான்.

அந்தக் காலியிடத்துக்கு ஆள் எடுக்கத்தான் எங்கள் காப்டன் அந்துவான் அண்ணன் எட்டுப் பேரைப் பக்கத்து ஊரான நெரவிக்குக் கூட்டிப்போனார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். பிரெஞ்சு பேசும்போது மரியாதையாகவும் தமிழ் பேசும்போது அதட்டலாகவும் இருப்பார். நெரவியில் மைதானத்துக்குப் போவோம் என்று பார்த்தால் ரைஸ் மில்லுக்குள் நுழைந்தார். நெல்மூட்டை போடும் தராசில் ஒவ்வொருவராக ஏறச் சொன்னார். பிளேனில் லக்கேஜ் கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்தோம். நான் ஏறியபோது முள் ஐம்பத்தாறில் நின்றது. அண்ணன் என் தோளில் கை வைத்தார்.

"சேவியரு, நீதான் வர்ற."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "உங்களையா?" என்றாள் மனைவி. சற்று யோசித்துவிட்டு மறுபடியும், "உங்களையா?" என்றாள். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் ஏறினோம். அந்துவான் அண்ணன், நான், ரஃபீக். ரஃபீக் எங்கள் அடிக்காரன். எதிரியின் குண்டை எட்டு மீட்டரிலிருந்து நேராக அடித்துத் தூக்குபவன். மெயின் ரோட்டில் பிரியாணிக் கடை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். எங்களை அனுப்ப பாஸ்கல் ஆட்டோவில் வந்தான். இறங்கவில்லை. ஆட்டோவுக்குள் இருந்தபடியே தன் இரண்டு குண்டுகளை என்னிடம் நீட்டினான்.

"உன்னுதுங்க துருப்புடிச்சுப் போயிருக்கு. இத வச்சு ஆடு. தொலைச்சுட்டு வந்தா மூஞ்சில முழிக்காத."

முந்நூறு கிலோமீட்டர், ஏழு மணி நேரம். சீர்காழி தாண்டுமுன்பே ரஃபீக் தூங்கிப்போனான். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, பிரான்சில் தோற்றவர்கள் என்னிடம் ஆட்டோகிராப் கேட்டால் தமிழில் போடுவதா இங்கிலீஷில் போடுவதா என்று யோசித்தபடி வந்தேன்.

சென்னை விமான நிலையத்தில் அண்ணன் எச்சரித்தார்: "இங்க குண்டுங்கிற வார்த்தையே உங்க வாயில வரக்கூடாது. புரிஞ்சுதா?" ஆளுக்கு இரண்டாகப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிய ஆறையும் எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு ஒருவர் எங்களைக் கூப்பிட்டு, என்ன இது என்று கேட்டார். மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ரஃபீக் ஒன்றைக் கையில் எடுத்துத் தரையில் உருட்டிக் காட்டினான். அவரும் சிரித்துவிட்டு அனுப்பினார்.

புதன் மதியம் பாரிஸிலிருந்து தூலூஸுக்கு ரயில். வண்டி வேகமெடுத்ததும் அண்ணன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். இரண்டடுக்கு இறக்கை, நடுவில் கம்பிகள், சைக்கிள் சக்கரம் மாதிரி சக்கரம். ஏதோ பந்தல்காரர் அரைகுறையாகப் பிரித்துப் போட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது.

"நாம ஆடப்போற எடம் பழைய விமான மைதானம் தம்பி. நூறு வருஷத்துக்கு முன்னாடி மரத்துலயும் துணியிலயும் பிளேன் செஞ்சு பறக்கவிட்டுப் பாத்த ஊரு. அதே மாதிரி இப்ப ஒன்னு செஞ்சிருக்காங்க. ஆட்டம் முடிஞ்ச மறுநாள் நம்மள்ல ஒருத்தர் அதுல பறக்கணும். பறந்தா, நாம எடுத்த நாற்காலி ரெட்டிப்பாயிடும்."

"நல்லாருக்கே. யார் பறக்குறா?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரஃபீக் என்னைப் பார்த்தான்.

"மாப்ள, உன்னை எதுக்கு நெல்லுத் தராசுல ஏத்துனாருன்னு நெனச்ச?"

எல்லாம் விளங்கியது. என் கை இல்லை, என் எலும்பு தேர்வாகியிருக்கிறது.

"அந்த பிளேன் செஞ்ச அம்மா போன்ல எடை கேட்டாங்க, அறுபதுன்னு ஒரு கணக்கும் சொன்னாங்க," என்றார் அண்ணன், இன்னும் ஜன்னலைப் பார்த்தபடி. "துணி பிளேனு. லேசான ஆளாத்தானே கேப்பாங்க? அறுபதுக்கு மேல போனா ஏத்த மாட்டாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். அறுபதுக்கு மேல் போனால் ஏற்ற மாட்டார்கள். எனக்குத் தேவை நான்கு கிலோ. கையில் இருப்பது மூன்று நாள்.

ஆகவே அந்த வட்டாரத்தின் உணவைப் பற்றி நான் அதிகாரபூர்வமாக எழுத முடியும். வாத்துக்கறியை அதன் கொழுப்பிலேயே வேகவைக்கிறார்கள். வெள்ளை மொச்சை போட்ட ஒரு மண்சட்டிக் குழம்பு இருக்கிறது. இரண்டு கரண்டியில் ஆள் உட்கார்ந்துவிடுவான், நான் ஐந்து கரண்டி வாங்கினேன். முழ நீள ரொட்டி ஒன்றே கால் யூரோ. தினமும் மூன்று. எங்களைத் தங்கவைத்த வீட்டம்மாள் கண்கலங்கி, இந்த வீட்டுச் சமையலை இவ்வளவு மதித்தவர் யாருமில்லை என்றதாக அண்ணன் மொழிபெயர்த்தார். பன்றிக்கறி இல்லாததாகப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்ட ரஃபீக் மட்டும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை மைதானத்தைச் சுற்றிக் காட்டினார்கள். காட்டியவர் மதாம் சொலான்ழ். அந்த விமானத்தைச் செய்த குழுவின் தலைவி, அதை ஓட்டுபவரும் அவரே. அறுபது வயதிருக்கும். முள் மாதிரி நிற்கும்படி வெட்டிய நரைத்த தலை. கொட்டகைக்குள் நுழைந்ததும் என் மூக்குக்குத் தெரிந்த ஒரு வாசனை.

"வெளக்கெண்ண!" என்றேன்.

மதாம் மகிழ்ந்துபோனார். அந்தக் காலத்து என்ஜினுக்கு அதைத்தான் ஊற்றுவார்களாம். ஓடும்போது அது புகையாக ஓட்டுபவர் முகத்தில் அடிக்கும், அவரும் அதை விழுங்கிக்கொண்டே பறப்பார். இறங்கியவுடன் எங்கே ஓடுவார் என்று நான் கேட்கவில்லை. மதாம் தானாகவே கை நீட்டி, வேலியோரப் புதரைக் காட்டினார். எனக்கு விளக்கெண்ணெய் தேவைப்படாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த நிலையில் நான் ஏற்கெனவே இருந்தேன்.

இறக்கையைத் தொட்டுப் பார்த்தேன். துணி. வேட்டியைவிடச் சற்று முரடு. மேலே ஏதோ பூசி முரசுத்தோல்போல விறைக்க வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இந்த ஊர்ப் பெண்கள் தைத்துக் கொடுத்த துணியில், முதலில் மாடுகளை விரட்டிவிட்டு, புல்லில் ஓடி, ஆள் உயரம் எழும்பி விழுந்தார்கள். எழும்பிய தூரத்தை நடந்து நடந்து அளந்தார்கள் என்றார் மதாம். விழுந்தவர்களின் படங்கள் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தன. எல்லோரும் ஒல்லி.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஆட்டம். ஊர் மொத்தமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. முதல் இரண்டு சுற்றிலேயே அவர்கள் ஐந்து, நாங்கள் ஒன்றுமில்லை. அந்துவான் அண்ணன் தமிழுக்கு மாறினார். அது நாங்கள் எதிர்பார்த்ததுதான். பிறகு ரஃபீக்கின் கை சூடாகியது. அவன் அடிக்க, காலியான இடத்தில் நான் பாஸ்கலின் குண்டுகளை மெதுவாகக் கொண்டுபோய் வைத்தேன். எனக்குத் திறமையும் கொஞ்சம் இருக்கிறது என்று காட்டிய நாற்பது நிமிஷம் அது. ஏழுக்கு ஏழு என்று சமமானபோது ஊர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டது. அதற்குப் பின் வாத்துக்கறி தன் வேலையைக் காட்டியது. என்னால் குனிய முடியவில்லை. பதின்மூன்றுக்கு ஏழு என்று தோற்றோம்.

ஏழு நாற்காலி. பன்னிரண்டாவது ஆளுக்கு இல்லை.

கை குலுக்கல் முடிந்ததும் ரஃபீக் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நாளைக்கு நீ ஏறுனாத்தான் பாஸ்கலுக்கு வண்டி. தெரியும்ல?"

"தெரியும்."

"ஏறிடுவல்ல?"

"எடை சரியா இருந்தா ஏற வேண்டியதுதானே. குண்டுங்களக் குடு, நானே தொடச்சு எடுத்துட்டு வர்றேன்."

ஞாயிறு காலை பூசை முடிந்து ஒன்பது மணி. குளிர் என்று சொல்லி அந்துவான் அண்ணனின் கோட்டை வாங்கிப் போட்டிருந்தேன். எண்பத்தெட்டு கிலோ ஆளுக்குத் தைத்த கோட்டு. வெளிப் பைகளில் இரண்டிரண்டு, உள் பைகளில் ஒவ்வொன்று. ஒரு குண்டு எழுநூறு கிராம். நடந்தால் முழங்காலில் இடித்தது. கொட்டகை வாசலில் எடை பார்க்கும் மெஷினை வைத்திருந்தார்கள். ஏறினேன். அறுபத்தொன்று.

"அடடா," என்றேன், தொண்டையில் முடிந்த அளவு சோகத்தை வரவழைத்து. "அண்ணே, மேல போயிடுச்சு. மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க."

மதாம் எண்ணைப் பார்த்தார். கைதட்டினார். என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அண்ணன் அவர் பேசுவதை முழுவதும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"தம்பி... முன்சீட்டுல அறுபது கிலோவாவது இருக்கணுமாம். இல்லன்னா பிளேன் தலையத் தூக்கிடுமாம். நாம அனுப்புன ஆளு ரொம்ப லேசுன்னு ஒரு வாரமா கவலையில இருந்தாங்களாம். எழுபத்தஞ்சு வரைக்கும் ஏத்தலாமாம்."

நெரவி மில்லில் எட்டுப் பேர் ஏறினோம். அறுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவில் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் வரவில்லை; எண்பத்தெட்டு கிலோ அண்ணனும், அவருக்குக் குறையாத ரஃபீக்கும், ஐம்பத்தாறு கிலோ நானும்தான் பிரான்சுக்கு வந்திருந்தோம்.

என் வாழ்க்கையில் பயத்தினால் உண்மை பேசிய இடம் அது ஒன்றுதான். கோட்டுப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தேன். ஆறாவதையும் வைத்துவிட்டு மறுபடியும் ஏறினேன். மெஷின் ஐம்பத்தேழு காட்டியது. மூன்று நாள் சாப்பாட்டுக்கு ஒரு கிலோதான் கணக்கில் ஏறியிருந்தது.

"அட வெளக்கெண்ண!" என்றார் அண்ணன். இந்த முறை அது என்ஜினைப் பற்றியது இல்லை.

மதாம் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரு கித்தான் பையைக் கொண்டுவந்தார். ஆறு குண்டுகளையும் அதில் போட்டார். முன்சீட்டுக்கு அடியில் வைத்து வாரால் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினார். இறுக்கிவிட்டு என்னைப் பார்த்து, சீட்டைத் தட்டினார்.

"மணல் மூட்டை தேடுற வேலை மிச்சமாம்," என்றார் அண்ணன்.

நான் ரஃபீக்கைப் பார்த்தேன். அவன் கிண்டல் செய்யவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"மாப்ள, வேணாம்னா வேணாம். நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். ஆனா பாஸ்கல்கிட்ட நீயே சொல்லணும்."

அடியில் கட்டியிருந்த பையில் பாஸ்கலின் குண்டுகளும் இருந்தன. தொலைத்துவிட்டு வந்தால் முகத்தில் முழிக்காதே என்றவன். ஏறி உட்கார்ந்தேன். அர்ச்சிஷ்டவர்கள், புனிதர்கள் எல்லோருடைய பெயரையும் சொல்ல ஆரம்பித்து மூன்றாவதோடு மறந்துவிட்டேன். மீதிப் பிரார்த்தனையை ரஃபீக் சத்தமாகத் தன் வழியில் செய்துகொண்டிருந்தான். என்ஜின் இருமியது, கத்தியது. விளக்கெண்ணெய் முகத்தில் அடித்தது. புல் ஓடியது.

அதன்பின் நடந்ததை எனக்கு மற்றவர்கள்தான் சொன்னார்கள், ஏனென்றால் நான் கண்ணை மூடியிருந்தேன். விமானம் ஓர் ஆள் உயரம் எழும்பியது. எங்கள் கீழவாஞ்சூர் துறைமுகத்து நிலக்கரி லாரிகள் நான்கை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரம் அந்தரத்தில் போனது. இறங்கியது. மூக்கில் தூசிகூட ஏறவில்லை. மதாம் என் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். முடிந்துவிட்டது என்று அர்த்தம் என்று அண்ணன் பிறகு சொன்னார்.

திரும்பும் பயணத்தைப் பற்றி எழுத எதுவுமில்லை. வாத்தைப் பார்த்தாலே எழுந்து போனேன். காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவில் காத்திருந்த பாஸ்கல், முதலில் தன் குண்டுகளை வாங்கி எண்ணிப் பார்த்தான். "என்னடா எண்ண நாத்தம்?" என்றான்.

நாற்காலிகள் நான்கு மாதம் கழித்துக் கப்பலில் வந்தன. பதினான்கு. பன்னிரண்டாவதில் பாஸ்கல் உட்கார்ந்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அதில் உட்கார்ந்தபடியே ஆடி என்னைப் பதின்மூன்றுக்கு ஒன்பது என்று தோற்கடித்தான். அணியின் மூன்றாவது ஆள் இப்போது மறுபடியும் அவன்தான்.