ஆறு மடங்கில் வாங்கிய பங்கு

மும்பை காட்கோபரில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்த பிபின் டாக்ளி ஜவுளி மொத்தக் கடைகளில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். பங்குச் சந்தையில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நம்பினார். அப்படி நம்புகிறவரை ஏமாற்ற வெளியாள் தேவையில்லை.

மனைவி ரஞ்சனுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தீபாவளி கழிந்ததும் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கென வைத்திருந்த பணத்தை பிபின் ஒரு வீட்டுக்கடன் கம்பெனியின் பங்கில் போட்டார்.

"ஒரு பங்கு அறுநூறு ரூபா. வருஷத்துக்கு அது சம்பாதிக்கிறது நூறு. ஆறு மடங்குதான் வெல. மத்த வீட்டுக்கடன் கம்பெனியெல்லாம் முப்பது மடங்குல விக்குது, ரஞ்சன்."

"கத்திரிக்காய்கூட சும்மா மலிவா தரமாட்டான். இத ஏன் இப்படித் தள்ளி விடுறாங்கன்னு கேட்டீங்களா?"

"இது கத்திரிக்காய் இல்ல."

அவர் கேட்கவில்லை. விலை முந்நூறுக்கு இறங்கியது. வெறும் மூன்று மடங்கு, இன்னும் மலிவு என்று சந்தோஷப்பட்டார்.

தீபாவளி மாலை சந்தை நல்ல நேரம் பார்த்து ஒரு மணி நேரம் மட்டும் திறக்கும். தரகர் சுகேதுவின் அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்கெல்லாம் குங்குமம் வைத்திருந்தார்கள். பேடா கொடுத்த கையோடு சுகேது தாழ்ந்த குரலில் சொன்னான்.

"பிபின் பாய், நீங்க வகுக்கிற நூறு ரூபா போன வருஷ லாபம். இவங்ககிட்ட கடன் வாங்குன பில்டருங்க வட்டி கட்டுறத நிறுத்திட்டாங்களாம். இன்னிக்கு வாங்க ஆள் இருக்கு. வித்துருங்க."

"பூஜை முடிச்சிட்டு வந்து லட்சுமிய வெளிய அனுப்பச் சொல்றியா? முகூர்த்த நேரத்துல எங்கப்பா ஒரு பங்குகூட வித்தது கிடையாது."

"உங்கப்பா இந்தக் கம்பெனிய வாங்குனதும் கிடையாது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிபினும் சிரித்துவிட்டு, சகுனத்துக்காக இன்னும் பத்து பங்கு வாங்கினார். விற்பதை விடுமுறைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விடுமுறைக்குப் பிறகு, சந்தை விதிப்படி ஒரு நாளில் எவ்வளவு சரியலாமோ அவ்வளவும் விலை காலையிலேயே சரிந்து நின்றது. மறுநாளும் அப்படியே. விற்க வரிசை நின்றது, வாங்க ஒருவரும் இல்லை. பிபினின் பங்குகளும் தினமும் அந்த வரிசையில் நின்றன. கடைசியில் கம்பெனி நஷ்டக் கணக்கை வெளியிட்டது. வகுக்க லாபம் இல்லாததால், திரையில் எத்தனை மடங்கு என்று காட்டும் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது. அதை வெகுநேரம் பார்த்தார். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. குடித்த டீயில் சர்க்கரை இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

பணம் போனது ரஞ்சனுக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து தேதி கேட்டு போன் வந்தபோது அவளே எடுத்தாள்.

"தேதியெல்லாம் வேண்டாம்மா. எனக்கு இப்ப வலியே இல்ல. மாடிப்படி நல்லா ஏறி இறங்குறேன்."

போனை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றி எழுந்தாள். பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். எழுந்துபோய்க் கை கொடுக்க வேண்டும் என்று பிபினுக்குத் தோன்றியது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.