கம்பத்து ஃப்ரீசரில் ஒரு திமிங்கலம்

தூத்துக்குடியில் செத்துக் கரையொதுங்கிய திமிங்கலத்தின் தோல் துண்டுகளைக் கொச்சி ஆய்வகத்துக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன். குமுளி மலைப்பாதையில் மண் சரிந்து, லோயர் கேம்பில் வண்டிகளெல்லாம் நின்றுவிட்டன. பெட்டியில் ஐஸ் கரையத் தொடங்கியது. கம்பத்துக்குத் திரும்பி, திராட்சைக் குளிர்கிடங்கு வைத்திருந்த பாய் ஒருவரிடம் இடம் கேட்டேன்.

“கடல் வாடை பட்டா பழம் பூராம் போச்சும்மா. வீட்டுக்கு வாங்க,” என்றார்.

வீட்டு ஃப்ரீசர் நிறைய பக்ரீத் கறி. பெட்டி வைக்க இடமில்லை.

“செத்ததை வச்சு என்னம்மா பாக்கப் போறீக?” என்று கேட்டார் அவர் மனைவி.

“இதோட மரபணுவைப் பாத்தா, இதுக்குச் சொந்தமான கூட்டம் எந்தக் கடல்ல திரியுதுன்னு தெரியும்க்கா. கப்பல் மோதித்தான் நிறையச் சாகுது, அங்க மெதுவாப் போகச் சொல்லலாம்.”

“அப்ப உசுரோட இருக்கிறதுக்காகத்தான்,” என்றவர், கறி முழுவதையும் வெளியே எடுத்து, பெட்டியை உள்ளே வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். அன்று மாலை லோயர் கேம்பில் நின்ற லாரிக்காரர்கள் எல்லோருக்கும் பிரியாணி போனது.

பாதை திறந்ததும் தோல் கெடாமல் கொச்சி போய்ச் சேர்ந்தது. இலங்கைப் பக்கம் திரியும் ஒரு கூட்டத்தோடு மரபணு பொருந்தியதும் அந்த அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

“சந்தோசம்மா. அடுத்த பெருநாளைக்கும் வாங்க. பெட்டி இல்லாம வாங்க,” என்றார்.

திமிங்கலம் ஒதுங்கியிருப்பதாகக் கடற்கரையிலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம், பெட்டி இல்லாமல் போக வேண்டிய அந்த விருந்துதான் நினைவுக்கு வருகிறது.