அருளப்பு அண்ணை கேட்ட காத்து மெசின்

அருளப்பு அண்ணை கண்ணை மூடிட்டாராம். இண்டைக்குக் காலமை, ஊர்காவற்றுறையில.

தெரியாத ஆக்களுக்கு... சமாதான காலத்தில அங்க நான் வேலை செய்த தொண்டு நிறுவனத்தில றைவரா இருந்தவர். நான் சாமான் வாங்கிற பகுதிக்குப் பொறுப்பு.

செய்தியை அறிஞ்சதே பழைய ஒஃபிஸ் ஆக்கள் போட்ட போஸ்ட்டிலதான். கீழ கிடந்த கொமென்ற் எல்லாம் வாசிச்சன்.

"தங்கமான மனுசன். எங்கட குடும்பத்தில ஒருத்தர்." எழுதினது ஆர் தெரியுமோ? அந்த நேரம் எங்களுக்கு மனேச்சரா இருந்தவர். மெழுகுதிரிப் படம் வேற, மூண்டு! சீ... என்ன சென்மங்கள்.

நானும் ஒரு மெழுகுதிரி போடத்தான் வெளிக்கிட்டனான். விரல் போகேல்லை. அதுதான் இதை எழுதிறன்.

எங்களிட்ட ஒரு கடும் நீல டபிள் கப் வாகனம் நிண்டது. கடலுக்கு நடுவால போற பண்ணைப் பாலத்தால ஒருக்கா யாழ்ப்பாணம் போயிட்டு வந்தால் ரெண்டு பக்கத்து உப்பும் அதில ஒட்டிக்கொண்டு வரும். அண்ணை வந்த உடனை கழுவுவார். கழுவிறதும் எங்கட கிணத்து உப்புச் சவர்த் தண்ணியில... ஒரு துளி காஞ்சால் அந்த இடத்தில வெள்ளைப் பொட்டு.

துடைச்சாலும், கதவு இடுக்கிலயும் கண்ணாடிக்குப் பின்னாலயும் நிண்ட தண்ணி பத்து நிமிசத்தால வடியும். அவர் சைக்கிள் பம்பைக் கொண்டுவந்து இடுக்கு இடுக்கா அடிப்பார். நாங்கள் வாசல்ல நிண்டு பகிடி. "என்ன அண்ணை, வாகனத்துக்குக் காத்துப் போயிட்டுதோ?" அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒருநாள் என்ரை மேசையடிக்கு வந்தவர். "பிள்ளை, கையில பிடிச்சு ஊதிற காத்து மெசின் ஒண்டு எடுத்துத் தாருமன். பம்படிச்சு இனி ஏலாது."

ரெண்டு பேரும் டவுனுக்குப் போனம். கடையில ரெண்டு மெசின் காட்டினவங்கள். விலை ரெண்டும் ஒண்டுதான். ஒண்டு கறுப்பு, பார்க்க ஒரு வடிவும் இல்லை, சும்மா காத்து மட்டும் ஊதும். மற்றது சிவப்பு, பளபளப்பு, சூட்டுக் காத்து. சூட்டை நிப்பாட்ட சுவிட்சும் இல்லை.

அண்ணை வரேக்கயே ஒரு சோடாப் போத்தலில எங்கட கிணத்துத் தண்ணி கொண்டந்திருந்தார்! கடைக்காரன்ரை கண்ணாடி மேசையில ரெண்டு துளி விட்டார். கறுப்பைப் போட்டார், துளி ஓடி விளிம்பால விழுந்திட்டுது. சிவப்பைப் போட்டார், துளி நிண்ட இடத்திலயே காஞ்சு பொட்டாப் போச்சு.

"பாத்தீரே பிள்ளை? இது தண்ணியைத் தள்ளேல்லை. உப்பைச் சுட்டு ஒட்டிப்போடுது. மற்றதை எடும்."

நான் சிவப்பைத்தான் எடுத்தனான்.

ஏனெண்டு கேளுங்கோ. பெட்டியில வோற்ஸ் கூடப் போட்டிருந்தது. மனேச்சரும் "சூடெண்டால் கெதியாக் காயும்" எண்டு சொல்லிவிட்டவர். அதெல்லாம் சாட்டு. கடைக்காரனுக்கு முன்னால ஒரு றைவர் சொல்லித்தந்து நான் வாங்கிறதோ எண்ட கொழுப்பு. கம்பஸில பட்டம் முடிச்ச கொழுப்பு. இப்ப என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக் கிடக்கு.

ரெண்டு நாள் பாவிச்சுப்போட்டு அதை மூலையில வச்சிட்டு, திரும்பப் பம்பை எடுத்திட்டார். நான் விட்டனானோ? "வாங்கின சாமானைப் பாவியுங்கோ அண்ணை, கணக்குப் பாக்க ஓடிற் வந்தால் நான் என்னத்தைச் சொல்லுறது" எண்டு ஏறிப் பாய்ஞ்சன். மூலையில கிடந்ததை எடுத்தார். பாவிச்சார்.

ரெண்டு மாதத்தில வாகனத்தின்ரை முன் பொனற் முழுக்கப் பொட்டு. கோதம்ப மா தெளிச்ச மாதிரி. தேய்ச்சாலும் போகேல்லை.

கொழும்பில இருந்து பெரியவை வந்தினம். அதில ஒருத்தர் பொனற்றை விரலால தடவிப்போட்டு முகத்தைச் சுழிச்சார். உடனை உள்ளுக்குக் கூட்டம். மனேச்சர் எல்லாருக்கும் முன்னால கேட்டார், "இதைக் கழுவிறது ஆர்?"

அண்ணை என்னை ஒருக்காப் பாத்தார். நான் ஃபைலைப் பாத்தன்.

"நான்தான் சேர்."

அவ்வளவுதான் சொன்னவர். மாதக் கடைசியோட வேலையால நிப்பாட்டிப்போட்டினம். கவலையீனமாம்! முந்திக் கடலுக்குத் தடை இருந்தபடியா வலையை வித்துப்போட்டு இந்தச் சம்பளத்தை நம்பி வந்த மனுசன். ஐம்பது வயசுக்குப் பிறகு ஆற்றையோ வள்ளத்தில திரும்பவும் தொழிலுக்குப் போனவர்.

அவரை நிப்பாட்டின கடிதத்தில கையெழுத்து வச்ச ஆள்தான் இண்டைக்கு மெழுகுதிரி கொளுத்துது. கடிதத்தை ரைப் அடிச்சது நான். எங்களிலை ஆர் ஆரைக் குறை சொல்லுறது?

பிறகு ஒருக்கா ஜெற்றியடியில கண்டனான். கையில மீன் கூடை. "எப்பிடி அண்ணை?" எண்டன். "இருக்கிறன்" எண்டிட்டு நடந்திட்டார். நிண்டு கதைக்கேல்லை.

இண்டைக்கு மத்தியானம் நம்பர் தேடி எடுத்து அவரின்ரை மகளுக்கு அடிச்சன். அப்பாவோட வேலை செய்தனான் எண்டு மட்டும்தான் சொன்னன். அந்தப் பிள்ளை சொல்லுது...

"அப்பா அங்க வேலையைச் சரியாச் செய்யேல்லை எண்டு எங்களுக்கும் தெரியும் அக்கா. அம்மா கடைசிமட்டும் அதைச் சொல்லித்தான் அவரை ஏசினவ. எண்டாலும் நீங்கள் மனம் வச்சுப் போன் எடுத்தியளே... பெரிய உபகாரம்."

மனுசன் வீட்டில கூட என்ரை பேரைச் சொல்லேல்லை.

நான் "ஓம் பிள்ளை" எண்டிட்டு போனை வச்சிட்டன். ஓம் எண்டனான்! தூ...

நாளைக்குப் பின்னேரம் அடக்கப் பூசை. அதுக்கு முன்னம் அவையின்ரை வீட்டை போறன், அம்மாவும் மகளும் இருக்கேக்க நடந்ததைச் சொல்ல. அடிச்சுத் துரத்தினால் துரத்தட்டும்.

போயிட்டு வாங்கோ அருளப்பு அண்ணை.