மரியாதைக்கும் கமிஷன் உண்டு

சீட்டாட்ட ஆப் ஒன்றுக்கு வரும் தமிழ்ப் புகார்களைக் கேட்பது என் டூட்டி. போன வாரப் புகார் இது: ஆறு பேர் ஆடினார்கள், ஆறு பேருக்கும் பாயிண்ட் குறைந்தது. ஆட்டம் போக்கர், ஆனால் காசு கிடையாது, வெறும் பாயிண்ட். அதிலும் மேசை தன் கமிஷனைப் பிடித்துக்கொள்ளும். ஊரார் கோபத்தைக் காதில் வாங்கிச் சம்பளம் வாங்குகிறவர்களே, உங்களுக்குப் புரியும்.

ஜெயித்தவர் அழுகை

துபாய் சத்வாவிலிருந்து சேவியர். தூத்துக்குடிக்காரர், ஏசி டெக்னீஷியன். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் உட்காரப் பத்தாயிரம் பாயிண்ட் வேண்டும். குவைத்தில் இருக்கும் மச்சினன் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டான். தினமும் போன் போட்டு, "என்ன மச்சான், சீட்டு கெடச்சிட்டா?" என்று குத்துகிறானாம். "பாதி ஆட்டம் நாந்தான் ஜெயிக்கேன் அண்ணாச்சி. பாயிண்ட் மட்டும் எறங்குது" என்றார்.

ஆட்டத்தைப் பார்த்தேன். மேசையில் எல்லோரும் ஊர்க்காரர்கள். ஆளுக்குக் கொஞ்சமாகக் கட்டுகிறார்கள், எல்லோரும் உள்ளே வருகிறார்கள், நடுவே மூன்று சீட்டு திறக்கிறது. திறந்தால் கமிஷன். திறக்குமுன் மற்றவர்கள் விலகிவிட்டால் கமிஷன் கிடையாது. நல்ல சீட்டு வந்தால் முதலிலேயே பெரிதாகக் கட்டு, பாதிப் பேர் ஓடிவிடுவார்கள் என்றேன்.

"நம்ம ஊரு ஆளுவ அண்ணாச்சி. உக்காந்த ஒடனே வெரட்டுனா நாளைக்கு எப்படி மொகத்துல முழிக்கது?"

மொத்தமும் தள்ளியவர்

அதே யோசனையைத் துபாயின் இன்னொரு பக்கம், தேராவில் மசாலாக் கடை வைத்திருக்கும் காஜா பாயிடம் சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டார். வந்த சீட்டைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு தடவையும் கையிருப்பு மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். எல்லோரும் ஓடினார்கள். கமிஷன் மாஃபி, ஒரு பாயிண்ட்கூடப் போகவில்லை. பாய்க்குக் குஷி. மத்தியானம் ஒரு மலையாளி இரண்டு ராஜாவோடு ஓடாமல் நின்றார். ஒரே ஆட்டம், கலாஸ், பாயின் கையிருப்பு காலி. அனுதாபம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"எல்லாம் போச்சு பெரியவரே. ஆனா அந்த ஆட்டத்துக் கமிஷன் அவன் தலையிலதான் விழுந்துச்சு, பாத்தீங்களா!"

விசிட்டர் நேரம்

சனிக்கிழமை. போட்டிக்குப் பதிவு முடியப்போகிறது. சேவியரின் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. மோசமான சீட்டு வந்தால் அப்போதே கவிழ்க்கிறார். நல்ல சீட்டு என்றால் மும்மடங்கு கட்டுகிறார். ஊர்க்காரர்கள் ஓடுகிறார்கள், பெரும்பாலும் நடுச்சீட்டு திறப்பதே இல்லை. மிஞ்சி நிற்பவரிடம் பெரிதாக ஜெயிக்கிறார். பதிவு மூடுமுன் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டார்.

போன் போட்டேன். எடுத்தது மனைவி ஜெசிந்தா, ஆஸ்பத்திரி நர்ஸ். பக்கத்தில் உட்கார்ந்து எப்போது எவ்வளவு கட்டுவதென்று சொன்னது அவர்தானாம். ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லையா என்றேன்.

"விசிட்டர் நேரம் முடிஞ்சா சொந்தக்காரங்கள வெளிய அனுப்புறதுதானே சார் என் டூட்டி? யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. மறுநாளும் வருவாங்க."

வாரம் முழுக்க நான் தொண்டை வறளச் சொல்லியும் மரியாதை பார்த்துக்கொண்டிருந்த மனிதரை ஒரே சாயங்காலத்தில் மாற்றி, குவைத்தில் இருக்கும் தன் சொந்தத் தம்பிக்கு எதிரிலேயே உட்கார வைத்தவர் ஜெசிந்தா.